ஸ்பீக்கரின் மறுபாதி

பழைய ஆடியோ சாமான்கள் கைமாறும் இடங்களில் ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும்: "போஸ் 901, ஒரு ஜோடி, நல்ல நிலை. ஈக்வலைசர் இல்லை." விலை மலிவாக இருக்கும். ஆசைப்பட்டு வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆம்ப்ளிஃபையரில் ஒயரைச் செருகி, தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போடுவார். பாடகரின் குரல் மூக்கடைத்துக்கொண்டு வரும். பேஸ் கிட்டார் இருந்த சுவடே தெரியாது. ஜால்ராவின் மினுக்கம் போன இடம் தெரியாது. இதற்கா இத்தனை பேர் உருகினார்கள் என்று நினைத்து, ஒரு மாதத்தில் அதே விளம்பரத்தை அவரும் கொடுப்பார்.

தொப்பிப் பக்கம் தோலே இல்லாத மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்த வாத்தியத்தைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. 901-க்கு ஈக்வலைசர் என்பது வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்கிற உதிரிச் சாமான் அல்ல. அந்த ஸ்பீக்கரின் பாதி மரப்பெட்டிக்குள் இருக்கிறது, மறுபாதி அந்தச் சிறு மின்பெட்டிக்குள் இருக்கிறது. ஒன்று தொலைந்தால் இன்னொன்று முழுமையாக ஒலிக்காது. ஆனால் தொலைந்த பாதியை நாமே திரும்பச் செய்துகொள்ள முடியும், அதுவும் இன்றைக்கு நன்றாகவே முடியும். அதற்கு முதலில் அது என்ன வேலை செய்தது என்று தெரிய வேண்டும்.

இந்த ஸ்பீக்கரை உருவாக்கிய அமர் போஸின் தகப்பனார் நோனி கோபால் போஸ், பிரிட்டிஷ் காவல்துறைக்குத் தப்பி அமெரிக்கா போன வங்காள விடுதலைப் போராளி. மகன் 1929-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். உலகப்போர்க் காலத்தில் தகப்பனாரின் வியாபாரம் நொடித்தபோது, பள்ளி மாணவராக இருந்த அமர் ரேடியோ பழுது பார்த்துக் குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தார். 1956-ல், எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடிகிற சமயத்தில், தனக்குத் தானே ஒரு பரிசாக நல்ல ஆடியோ செட் ஒன்றை வாங்கினார். அளவுத் தாள்களையெல்லாம் படித்துத் தேர்ந்தெடுத்த செட். வயலின் வாசிக்கத் தெரிந்த அவர் காதுக்கு அதிலிருந்து வந்தது வயலினாகவே படவில்லை. தாளில் சரியாக இருப்பது காதில் ஏன் தப்பாக இருக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 1964-ல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அந்தக் கேள்விதான் விதை.

பாஸ்டன் சிம்ஃபனி ஹாலில் அவர் குழு எடுத்த அளவீடுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்து சேரும் ஒலியில் பெரும்பங்கு, ஏறத்தாழ 89 சதவீதம், சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியதுதான். மேடையிலிருந்து நேராக வருவது மிச்சமுள்ள சிறு பங்கு. வீட்டு ஸ்பீக்கரோ ஒலி முழுவதையும் முகத்துக்கு நேரே அடிக்கிறது. 1966-ல் வந்த அவரது முதல் ஸ்பீக்கர் 2201, 22 சிறு கோன்கள் கொண்ட, உருண்டையில் எட்டில் ஒரு பங்கு வடிவில் செய்த, மூலையில் வைக்கிற சாதனம். அது விலைபோகவில்லை. 1968-ல் வந்த 901-ல் ஒன்பது கோன்கள். ஒன்று கேட்பவரைப் பார்க்கும். எட்டு பின்சுவரைப் பார்க்கும். எட்டுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்பதும் ஒரே அளவு: நாலரை அங்குலம். வூஃபர் கிடையாது, ட்வீட்டர் கிடையாது, இரண்டுக்கும் இடையே ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் கிடையாது. அடிநாதம் முதல் ஜால்ரா வரை எல்லாவற்றையும் அதே நாலரை அங்குலக் காகிதக் கோன்கள்தான் பாட வேண்டும். கிராஸ்ஓவர் போய்விட்டதால் அது உண்டாக்கும் சிக்கல்களும் போய்விட்டன. ஒன்பது கோன்கள் இருப்பதால் ஒவ்வொன்றின் சிறு குறைகளும் ஒரே இடத்தில் குவியாமல் பரவி அடங்கிவிடுகின்றன. இது அழகான யோசனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் கோன், தன் ஒத்ததிர்வுக்குக் கீழே போகப்போக, ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபெல் வீதம் ஒலியை இழக்கும். இவ்வளவு சிறிய கோனை இவ்வளவு சிறிய பெட்டியில் அடைத்தால் ஒத்ததிர்வு 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 12 டெசிபெல் நஷ்டம், 50-ல் 24. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இளையராஜாவின் 80-களின் பாட்டுகளில் அந்தக் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அந்தக் கதை முழுக்க இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடும். மேல் பக்கத்திலும் அப்படித்தான். ட்வீட்டரின் லேசான உடம்பு இந்தக் கோனுக்கு இல்லை. மேலே போகப்போக அதன் எடையும் வாய்ஸ் காயிலும் ஒலியை இழுத்துப் பிடிக்கும்.

போஸ் இந்த நஷ்டங்களை விபத்தாகப் பார்க்கவில்லை, தெரிந்தே ஏற்றுக்கொண்டார். சரிவு சீராக இருக்கிறது, முன்கூட்டியே தெரிகிறது. அப்படியானால் அதற்கு நேரெதிரான வளைவை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே கொடுத்துவிடலாம். அந்த நேரெதிர் வளைவுதான் ஈக்வலைசர். கீழேயும் மேலேயும் தூக்கி, நடுவை விட்டுவிடும் ஒரு மின்சுற்று. அதனால்தான் அது இல்லாமல் கேட்கும்போது நடுப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த மூக்கடைப்பு ஸ்பீக்கர் கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. அது நல்லபடியாக இருப்பதற்கே அடையாளம்.

போஸ் மட்டும் இந்த வழியில் போகவில்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையிலேயே, துளை வைத்த ஸ்பீக்கர் பெட்டியோடு ஒரு மின்வடிகட்டியையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கணக்கிடும் முறை இருக்கிறது. 70-களில் எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் இன்டர்ஃபேஸ் ஏ, 80-களில் கெஃப் நிறுவனத்தின் ரெஃபரன்ஸ் 107, அதோடு வந்த 'க்யூப்' என்ற மின்பெட்டி, எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றில் ஈக்வலைசர் போனால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடாது, கடைசி ஒரு ஆக்டேவ் பேஸ் மட்டும் குறையும். 901 அப்படியல்ல. ஈக்வலைசரை இத்தனை நம்பிச் செய்யப்பட்ட வீட்டு ஸ்பீக்கர் வேறொன்று அவ்வளவு பிரபலமாகவில்லை.

அப்படிப்பட்ட பாதி எப்படித் தொலைகிறது? நம் ஊரில் ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. அமெரிக்காவில் விற்ற ஈக்வலைசர் 120 வோல்ட்டுக்கானது. அங்கிருந்து ஊர் திரும்பியவரின் பெட்டிகளோடு வந்து, யாரோ ஒருவர் கையால் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகப்பட்டு, புகை வாசனையோடு முடிந்துபோகும். ஸ்பீக்கருக்கு மின்சாரக் கம்பி கிடையாது என்பதால் அது தப்பித்துக்கொள்ளும். இப்படிப் போனவற்றைத் தூக்கி எறியாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் எரிந்தது டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் சுற்று பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி, காய்ந்துபோன கெப்பாசிட்டர்களைப் புதிதாகப் போட்டு, குமிழ்களைச் சுத்தம் செய்து தருவதற்குப் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் போதும்.

இன்னொரு காரணம் ஆம்ப்ளிஃபையர்கள் மாறியது. ஈக்வலைசரைச் செருக வேண்டிய இடம், பழைய ரிசீவர்களின் முதுகில் இருந்த டேப் மானிட்டர் என்ற இணைப்பு. கேசட் போன பிறகு டேப் மானிட்டரும் போயிற்று. புது ரிசீவர் வாங்கியவருக்கு இந்தச் சிறிய பெட்டியை எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. அலமாரிக்குப் போனது, அங்கிருந்து பழைய சாமான்காரரிடம் போனது. ஒருவர் இறந்தபின் வீட்டை ஒழிக்கும்போதும் இப்படித்தான். பெரிய ஸ்பீக்கருக்கு மதிப்பு உண்டென்று எல்லோருக்கும் தெரிகிறது. பக்கத்தில் கிடக்கும் தட்டையான பெட்டி அதன் பாதி என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

சரி, ஸ்பீக்கர் மட்டும் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பலரும் முதலில் செய்வது ஆம்ப்ளிஃபையரின் பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இரண்டையும் கடைசி வரை திருகுவது. கொஞ்சம் உயிர் வரும், ஆனால் வடிவம் தப்பு. பேஸ் குமிழ் 50 ஹெர்ட்ஸோடு சேர்த்து 200, 300-ஐயும் தூக்கும். அங்கே ஸ்பீக்கருக்கு உதவி தேவையே இல்லை. விளைவு, கனமாகவும் மங்கலாகவும் ஒரு ஒலி. அடுத்தது கிராஃபிக் ஈக்வலைசர். பத்துப் பட்டை உள்ளது போதாது. 31 பட்டை உள்ளதை வைத்துப் பொறுமையாக அமைத்தால் நெருங்கலாம். ஆனால் அதில் ஒரு அபாயம் ஒளிந்திருக்கிறது, அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

10 டெசிபெல் ஏற்றம் என்றால் அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு வாட் தர வேண்டும். 13 என்றால் இருபது மடங்கு. மற்ற இடத்தில் 3 வாட்டில் நிம்மதியாக ஓடும் பாட்டு, பேஸ் வரும் கணத்தில் 60 வாட் கேட்கும். ஆம்ப்ளிஃபையரால் முடியாவிட்டால் அலையின் தலை வெட்டுப்படும், காயில் சூடேறும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோனின் ஓட்டம். அதே சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். ஒன்பது கோன்கள் இருப்பது இதற்காகவும்தான். நாலரை அங்குலக் கோன்கள் ஒன்பதின் பரப்பும் சேர்ந்தால் பதின்மூன்றரை அங்குல ஒற்றைக் கோனுக்குச் சமம். ஆனாலும் எல்லை உண்டு. அசல் ஈக்வலைசர் பேஸைத் தூக்குவதோடு நிற்காமல், இசையே இல்லாத அடிமட்டத்தில் ஏற்றத்தைக் கைவிட்டுக் கீழிறங்கும். கிராஃபிக் ஈக்வலைசருக்கு அந்த அறிவு இல்லை. வளைந்த எல்.பி. தட்டு ஒன்றைச் சுழலவிட்டால், காதுக்கே கேட்காத ஏழெட்டு ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் கோன்கள் முன்னும் பின்னும் பாய்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதில், 901-ன் எந்தப் பதிப்பு என்று சொல்லும் சீரிஸ் எண்ணைக் கவனிப்பது மிக முக்கியம். சீரிஸ் ஒன்றும் இரண்டும் மூடிய பெட்டி. 1976-ல் வந்த சீரிஸ் மூன்று முதல் துளை வைத்த பெட்டி. குறைந்த வாட்டில் கூடுதல் சத்தம் தரும்படி மாற்றப்பட்டவை. மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று கோனை ஓரளவு இழுத்துப் பிடிக்கும். துளை வைத்த பெட்டியில், துளையின் சுருதிக்குக் கீழே அந்தப் பிடி விட்டுப்போகும். ஆகவே பழைய சீரிஸின் ஈக்வலைசரைப் புதிய சீரிஸ் ஸ்பீக்கருக்குப் போட்டால் பேஸ் தாறுமாறாக ஏறும், கோனும் ஆபத்தில் மாட்டும். "ஈக்வலைசரும் உண்டு" என்று விற்பவர் சொன்னாலும், இரண்டின் முதுகிலும் உள்ள எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொருந்தாத ஈக்வலைசரை விட, ஈக்வலைசரே இல்லாமல் இருப்பது பாதுகாப்பு.

சரியான வழி என்று நான் நினைப்பது இது. ஒரு டிஜிட்டல் ஈக்வலைசர் வேண்டும்: மினிடிஎஸ்பி மாதிரியான சிறு கருவியோ, பாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்தே கேட்பவராக இருந்தால் அதிலேயே ஓடும் மென்பொருளோ போதும். அடுத்து, அசல் வளைவு வேண்டும். அதே சீரிஸின் ஈக்வலைசர் வேலை செய்யும் நிலையில் ஒரு நண்பரிடம் இருந்தால், அதைக் கடனாகக்கூட வாங்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் அவர் வீட்டில் உட்கார்ந்தால் போதும். கம்ப்யூட்டரின் ஒலி வெளியீட்டை ஈக்வலைசருக்குள் கொடுத்து, அதன் வெளியீட்டைத் திரும்பக் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்து, ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளால் அடி முதல் உச்சி வரை ஒரு ஸ்வீப் ஓட்டினால் அதன் வளைவு அப்படியே திரையில் வந்துவிடும். மைக் தேவையில்லை, அறை தேவையில்லை, ஊகத்துக்கு இடமே இல்லை. பிந்தைய ஈக்வலைசர்களில் மிட்-பேஸ், மிட்-ட்ரெபிள் என்று இரண்டு சறுக்குக் குமிழ்கள் இருக்கும். அவற்றை நடுவில் வைத்துத்தான் அளக்க வேண்டும். கிடைத்த வளைவை ஏழெட்டு ஃபில்டர்களால் டிஜிட்டலில் திரும்ப வரைந்துவிடலாம். காதுக்குக் கேட்காத அடிமட்டத்தை அறுக்கும் சப்சானிக் வெட்டையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். உச்ச ஏற்றம் எத்தனை டெசிபெலோ அத்தனை டெசிபெல் மொத்தச் சத்தத்தை முன்னாலேயே குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டிஜிட்டலுக்குள்ளேயே அலை வெட்டுப்படும்.

கெட்டிக்கார இளைஞர்கள் சிலர் இதைவிடக் குறுக்கு வழி ஒன்று பார்க்கிறார்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மீட்டரில் அளவு மைக்கை வைத்து, வரும் கோட்டை மென்பொருளால் தட்டையாக்கிவிடுவது. மற்ற ஸ்பீக்கர்களுக்குச் சரியாக வரும் இந்த வழி இங்கே ஏமாற்றும். மைக் இருக்கும் இடத்தில் அதற்கு நேராகக் கிடைப்பது ஒன்பதில் ஒன்றின் ஒலி. மிச்ச எட்டும் சுவரில் பட்டுத் தாமதமாக வந்து சேர்கின்றன. இரண்டும் மோதி, அந்த ஒரு புள்ளியில் மட்டும் மேடு பள்ளமாகக் காட்டும். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் வேறு மேடு, வேறு பள்ளம். அந்தப் பள்ளங்களை நிரப்பப் போனால் அறை முழுக்கக் கெட்டுப்போகும். போஸின் வளைவு ஒரு புள்ளிக்காகப் போடப்பட்டது அல்ல, ஸ்பீக்கர் அறைக்குள் மொத்தமாக அனுப்பும் ஒலிக்காகப் போடப்பட்டது. ஆகவே சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல் அசல் வளைவை நம்புங்கள், மைக்கை நம்பாதீர்கள். அதற்குக் கீழே மட்டும், நீங்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி ஐந்தாறு புள்ளிகளில் அளந்து, சராசரி எடுத்து, துருத்தும் மேடுகளை மட்டும் தட்டுங்கள்.

இந்தக் கீழ்ப்பகுதியில்தான் டிஜிட்டல் வழி அசலைக்கூட மிஞ்சும் என்பேன். அமெரிக்க வீடுகளில் பல சுவர்கள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தவை. பேஸ் ஒலிக்கு அவை லேசாக அசைந்து கொடுத்து, அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் கொஞ்சமும் அசையாது, வந்த பேஸை அப்படியே திருப்பி அனுப்பும். அசல் வளைவை இம்மி பிசகாமல் போட்டாலும் நம் வீட்டில் சில சுருதிகள் கும்மென்று எழும். டிஜிட்டலில் அந்த ஒரு சுருதியைப் பார்த்து மூன்று நான்கு டெசிபெல் குறைத்தால் அறை அமைதியாகிவிடும். சுவரிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி தள்ளி வைப்பதும், பின்சுவர் திரைச்சீலை இல்லாத வெறுஞ்சுவராக இருப்பதும் ட்ரெபிளுக்கு அவசியம். எட்டுக் கோன்கள் பேசுவது அந்தச் சுவரோடுதான்.

சப்-வூஃபர் வைத்துக்கொண்டால் ஈக்வலைசர் தேவையில்லையே என்று ஒரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். பாதி உண்மை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை சப்-வூஃபரிடம் கொடுத்துவிட்டால் கோனின் ஓட்டமும் ஆம்ப்ளிஃபையரின் சுமையும் நன்றாகக் குறையும், 901 முன்பைவிடத் தெளிவாகக்கூடப் பாடும். ஆனால் மேலே இழந்த ட்ரெபிளை சப்-வூஃபர் தராது. அதற்கு வளைவின் மேல்பாதி வேண்டியே இருக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சீரிஸ் மூன்று முதல் கோனின் விளிம்பில் ஃபோம் வளையம். வருஷங்கள் போனால், அதிலும் நம் ஈரக்காற்றில், அது பொடிந்து உதிரும். துணி மூடியைக் கழற்றி விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்பதும் வரிசையாக ஒரே கம்பியில் இணைக்கப்பட்டவை என்பதால், ஒரு காயில் அறுந்தாலும் பெட்டி முழுவதும் மௌனமாகிவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒன்றை மாற்றினால் ஒன்பதும் எழுந்துகொள்ளும். உதிர்ந்த ஃபோமை வைத்துக்கொண்டு ஈக்வலைசர் ஏற்றத்தை மட்டும் கொடுக்காதீர்கள். காயில் உரசிக் கிழியும்.

901-ஐப் பிடிக்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. 1970-ல் ஓர் அமெரிக்க நுகர்வோர் பத்திரிகை, இதில் வாத்தியங்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலைகின்றன என்ற பொருளில் எழுதியது. போஸ் வழக்குத் தொடுத்தார். அது உச்சநீதிமன்றம் வரை போய் 1984-ல் அவருக்கு எதிராக முடிந்தது. அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. தனிவயலின் ஒன்று எங்கே நிற்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட இந்த ஸ்பீக்கர் உதவாது. ஆனால் கோரஸ் பாடும்போது, நாற்பது வயலின்கள் ஒன்றாக எழும்போது, அறையின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் அந்த விரிவை நான் வேறு வீட்டு ஸ்பீக்கரில் அதிகம் கேட்டதில்லை. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது அவரவர் காது. அந்தத் தீர்ப்பை முழு ஸ்பீக்கரையும் கேட்டபின் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அசல் ஈக்வலைசர் இன்னும் உயிரோடு வைத்திருப்பவர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். 120 வோல்ட் பெட்டியாக இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டும் ஓட்டுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒரு ஸ்வீப் எடுத்து, இடது வலது இரண்டு சேனலையும் தனித்தனியாகச் சேமித்து, கோப்பின் பெயரிலேயே சீரிஸ் எண்ணையும் குமிழ்களின் நிலையையும் எழுதிவையுங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு, ஸ்பீக்கரின் அடிப்பக்கம் உறையில் வைத்து ஒட்டிவிடுங்கள். நாளை அந்த ஜோடி யார் கைக்குப் போனாலும் வளைவும் கூடவே போகட்டும்.